இலை இல்லாத நாளில் ஒரு கூடை

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு விளையாட்டு விளையாடலாம். அடுத்து வரும் ஸ்டேஷனில் கைகளுக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும்.

சேரன்மகாதேவி வந்தால் பக்கத்திலேயே பத்தமடை. கோரையை ஊறவைத்து மெல்லிசாகக் கிழித்து, பட்டுச்சேலை மாதிரி மடித்து வைக்கக்கூடிய பாய் நெய்கிற ஊர். கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயர்களையும் சேர்த்தே நெய்து தருவார்கள். அடுத்தது காருக்குறிச்சி. நாகஸ்வரம் என்று நாம் சொல்வோம், உள்ளூர்க்காரர்கள் மண்பானையையும் சேர்த்துச் சொல்வார்கள். வீரவநல்லூரில் தறி, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். அம்பாசமுத்திரம் என்றால் கடைசல் பிடித்த மரச் செப்புச் சாமான். சின்ன அடுப்பு, சின்ன குடம், சின்ன அம்மி. பாரதியார் 1918-லிருந்து 1920 வரை இருந்த கடையத்தைத் தாண்டி பாவூர்சத்திரம் வரும்போது விளையாட்டு முடிந்துவிடும். அங்கிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே பதில்தான்: பீடி.

எழுபது கிலோமீட்டர் சொச்சம். இத்தனை கைவேலை அடுத்தடுத்து வரும் வேறு ரயில் பாதை தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நான் சென்னையில் அலுவலகம் போய்வரும் நேரத்தில் குரோஷா பின்னுகிறவள். அன்றும் பையில் நூலும் ஊசியும் இருந்தன. அம்பாசமுத்திரத்தில் ஏறிய ஆச்சி ஒருவர் வெகுநேரம் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “இது எத்தன ரூவாய்க்குப் போவும்?”

“விக்கிறதுக்கு இல்ல ஆச்சி. சும்மா பின்றேன்.”

“சும்மாவா?”

அந்த ‘சும்மாவா’வில் கிண்டல் இல்லை. உண்மையாகவே புரியவில்லை, அவ்வளவுதான். இந்தப் பக்கம் கை அசைந்தால் அதற்கு ஒரு கூலி இருக்கும். மாவு பிசைந்தால் அப்பளத்துக்கு, நூல் இழுத்தால் சேலைக்கு. கூலி இல்லாமல் ஒருத்தி இரண்டு மணி நேரம் விரலை ஆட்டிக்கொண்டு வருவது ஆச்சிக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும்.

பாவூர்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் என் தோழியின் அம்மா இருக்கிறார். எனக்கு அத்தை. முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறவர். குற்றாலத்துக்குப் போகும் வழியில் இரண்டு நாள் அங்கே தங்கினேன்.

பீடி சுற்றுவதை ஒரே வேலை என்று நினைத்திருந்தால், அத்தையின் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். அது நாலைந்து வேலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா பக்கக் காடுகளிலிருந்து வரும் இலையை முதலில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். இளகிய பிறகு தகட்டை அளவுக்கு வைத்து, கத்தரிக்கோலால் நரம்பு போக வெட்ட வேண்டும். வெட்டிய இலையில் தூளைப் போட்டுச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான்.

இந்த ஆயிரத்தை அத்தை ஒரே இருப்பில் முடிப்பதில்லை. முடிக்கவும் முடியாது. இலை வெட்டுவது ராத்திரி, சாப்பாடெல்லாம் முடிந்து விளக்கடியில். அதற்குக் கண் வேண்டும். சுற்றுவது காலையில் சோறு வேகும்போது நாலு கட்டு, மகள் பஸ்ஸுக்குப் போன பிறகு பத்து கட்டு, மத்தியானம் திண்ணையில் பக்கத்து வீட்டு மதினிமாரோடு பேசிக்கொண்டே மிச்சம். அதற்குக் கண் வேண்டாம், விரலே பார்த்துக்கொள்ளும். தட்டை மடியிலிருந்து இறக்கினால் குழம்பு, ஏற்றினால் பீடி.

எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: “ஆபீஸும் வீடும் பார்த்துட்டு இதுக்கெல்லாம் எப்படி நேரம்?” உருப்படியான பதிலை அந்தத் திண்ணையில்தான் கண்டேன். வேலையைக் கண் வேண்டியது, கண் வேண்டாதது என்று இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். டிசைன் கணக்கு எழுதுவது, நூல் தேர்வு, ஆரம்ப வரிசை, தப்பைப் பிரிப்பது எல்லாம் முதல் ரகம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். ஒரே மாதிரி போகும் வரிசைகள் இரண்டாம் ரகம். அவற்றைப் பஸ்ஸுக்கும் டாக்டர் வீட்டு பெஞ்சுக்கும் விட்டுவிடலாம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்போகிறேன் என்று கிளம்புகிறவர்களின் உல்லன் உருண்டைதான் பரண்மேல் கிடக்கிறது.

கண் சும்மா இருந்தால் காதும் சும்மாதானே? அத்தையின் இளைய மகள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பாடப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துத் தன் குரலிலேயே செல்போனில் பதிந்து வைத்திருக்கிறாள். அம்மா சுற்ற, இவள் கட்ட, நடுவில் போன் வேலூர்ப் புரட்சியைச் சொல்கிறது. விளைவு, அத்தைக்கும் 1806 மனப்பாடம். “எனக்கு எழுத வராது, பரிச்சை வாயால கேட்டாம்னா நானும் பாஸாயிருவேன்” என்கிறார்.

இது புதிதல்ல. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லிருந்தே ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிப்பார், மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். கேரளத்தில் கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடமும் அந்த வழக்கம் இருந்தது. அதே வட கேரளத்தில், காசர்கோட்டில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பீடி சுற்றிய சுரேந்திரன் கே. பட்டேல், பிறகு கல்லூரிக்கும் சட்டப் படிப்புக்கும் போய், 2023 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் மாவட்ட நீதிபதியாகப் பதவியேற்றார். இந்த விஷயத்தைச் சொன்னபோது மகள் போனை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அத்தை, “அந்தப் பையன் கழுத்து வலியோட படிச்சிருப்பாம்லா” என்றார். முப்பது வருஷம் குனிந்த கழுத்துக்குத்தான் அது தோன்றும். தூள் நெடியும் இருமலும் வேறு. மகள் கட்டிக் கொடுப்பாள், சுற்ற விடமாட்டார்.

சரி, இதில் பொழுதுபோக்கு எங்கே வருகிறது?

சுவரில் ஆணியில் தொங்கியது. பாதி பின்னிய ஒயர் கூடை. பச்சையும் வெள்ளையும், சிவன் கண் டிசைன்.

எழுபது, எண்பதுகளில் பிறந்த யாருக்கும் ஒயர் கூடையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெரிய லீவில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் அடிப்பாகம் போட்டுக்கொண்டிருப்பார். பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர். பிறகு பிளாஸ்டிக் கவர் வந்து கூடையை ஓரங்கட்டியது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசு தடை செய்தபின் கூடைக்கு மறுபடியும் கொஞ்சம் மவுசு. (கூடையும் பிளாஸ்டிக்தான். ஆனால் என் அம்மாவின் கூடை இருபத்தைந்து வருஷமாக உழைக்கிறது.)

“இது எப்ப பின்னுவீங்க அத்தை?”

“எல இல்லாத நாள்ல.”

வாரத்தில் எல்லா நாளும் இப்போது இலை கொடுப்பதில்லையாம். நாலு நாள், சில வாரம் மூன்றே நாள். முன்பெல்லாம் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. இப்போது கை ஓயும் நாள் கூடியிருக்கிறது, வரும்படி குறைந்திருக்கிறது. அந்த நாளில்தான் கூடை கீழே இறங்கும். நமக்கெல்லாம் பொழுதுபோக்குக்கு நேரம் கிடைத்தால் சந்தோஷம். அத்தைக்கு நேரம் கிடைத்தது என்றால் அந்த வாரம் மளிகைக் கடைப் பாக்கி என்று அர்த்தம்.

விற்கலாமே என்று எனக்கும் தோன்றியது. மகளுக்கு அதற்கு முன்பே தோன்றி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, தென்காசியில் ஒரு பேன்ஸி ஸ்டோரில் பேசியும் விட்டாளாம். மாதத்துக்கு இருபது கூடை கேட்டார்கள். அத்தை மூன்று பின்னிவிட்டு நிறுத்திவிட்டார்.

“எத்தன ஆச்சு எத்தன ஆச்சுன்னு எண்ணிக்கிட்டே இருந்தா, அதுக்குப் பேரும் பீடிதானளா?”

மகள் விடவில்லை. “பீடிக்கு ரேட்டு அவங்க வைக்காவ. கூடைக்கு நாம வைக்கலாம்லாம்மா.”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு மகள் கட்சிதான் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. கைவேலைக்கும் படிப்புக்கும் இந்தத் தென்கோடியில் பழைய உறவு உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தில் விடுதலையே பெற்றார்கள் என்கிறது மிஷன் வரலாறு. அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, லேஸும் பெண்கள் பள்ளியும் அங்கேயும் வந்தன. தோழியின் கல்லூரிப் படிப்புக்குப் பணம் கட்டியதும் பீடிதான். 1976-ல் வந்த நலநிதிச் சட்டத்தின்படி பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகையும், அத்தை சுற்றிய கட்டுகளும் சேர்ந்துதான் அவளைச் சென்னைக்கு அனுப்பின.

ஆனாலும் அத்தை சொன்னதை ஒதுக்க முடியவில்லை. முப்பது வருஷத்தில் அவர் கையால் செய்ததில், யாரும் எண்ணாமலும் சரியில்லை என்று கழித்துப் போடாமலும் இருந்தது அந்தக் கூடை ஒன்றுதான்.

மறுநாள் இலை இல்லை. “வா, தண்ணில நின்னுட்டு வருவோம்” என்று அத்தையே கிளம்பினார். தென்காசியில் இறங்கி, கோயில் கோபுர வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசிவிஸ்வநாதர் கோயில். சாரல் மாதங்களில் அந்த வாசலில் வீசும் காற்று சேலையைப் பிடித்து இழுக்கும். உள்ளே போகிறவர்கள் ஒருமுறை நின்று காற்று வாங்கிவிட்டுத்தான் போகிறார்கள். கடைத்தெருவில் ஒரு கட்டு வெள்ளை ஒயர் வாங்கினோம். பேரம் பேசியது மகள்.

அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை இங்கே மழை என்று ஒன்று பெய்வதில்லை, காற்றில் தண்ணீர் மிதக்கும், அவ்வளவுதான். ரோட்டோரம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருந்தன. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்கத் தடை. போலீஸ்காரர் கயிறு கட்டி நின்றார்.

வெளியூர்க்காரர்கள் முகம் வாடிவிட்டது. சிலர் ஐந்தருவிக்கு ஆட்டோ பிடித்தார்கள், சிலர் மூலிகை வண்ண ஓவியங்களைப் பார்க்கச் சித்திர சபைக்கு நடந்தார்கள். அத்தை ஒரு கடையின் தாழ்வாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். பீடித்தட்டு உட்காரும் அதே மடி, அதே குனிவு. ஆனால் கை மெதுவாகப் போனது. இரண்டு முடிச்சு போட்டு அருவியைப் பார்ப்பார், மறுபடி இரண்டு முடிச்சு. நானும் ஊசியை எடுத்தேன். மகள் ஒரு காதில் போனை மாட்டிக்கொண்டு ஐந்தாண்டுத் திட்டங்களைக் கேட்டாள், இன்னொரு காதில் அருவி.

“என்னளா பின்னுத?”

“தோழி குழந்தைக்குக் குல்லா.”

“இந்த வெயிலூர்ல குல்லாவா?” என்று சிரித்தார். பிறகு கையில் வாங்கி, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, முடிச்சு எங்கே ஒளிகிறது என்று தேடினார். வேலை தெரிந்தவர்கள் எதையும் உட்புறம்தான் முதலில் பார்ப்பார்கள்.

கைப்பிடி மட்டும் அத்தைக்குச் சரியாக வராதாம். அதை எப்போதும் மகள்தான் போடுவாள். பரீட்சை முடிகிற வரைக்கும் தொடமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கூடைகள் கைப்பிடி இல்லாமல் காத்திருக்கின்றன. இது மூன்றாவது.

ஒன்றரை மணி நேரம் கழித்து விசில் ஊதினார்கள். பெண்கள் பக்கம் முதலில் திறந்தது. அத்தை எண்ணெய்ப் பாட்டில், சோப்பு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் அந்தக் கைப்பிடி இல்லாத கூடையிலேயே போட்டு, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ஓடினார்.