சேவூரில் கண்ட துணிச் சதுரங்கள்

ஆரணியை அடுத்த சேவூருக்கு நாம் சென்றது நோயுற்ற பெரியவர் ஒருவரைக் காண்பதற்கே. திரும்புகையில் நம் பையில் ஆறு சிறு துணிச் சதுரங்கள் இருந்தன.

கமண்டல நாகநதி பாயும் இவ்வட்டாரம் பட்டுக்குப் பேர்போனது. (அரிசிக்கும்தான் என்பதை நம் சமையற்காரர் நினைவூட்டுகிறார்.) ஆயினும் தெருவில் நடக்கையில் சில வீடுகளிலேயே தறியோசை கேட்டது. நாம் சென்ற வீட்டில் கேட்கவில்லை. குழித்தறியின்மேல் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பல்லாண்டு அதில் கால்மிதித்தவர் முழங்கால் வலியால் கட்டிலில் கிடந்தார். மகன் செய்யாற்றுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறான்.

பெரியவரின் துணைவியார் திண்ணையில் தைத்துக்கொண்டிருந்தார். சூடான குவளையின் அடியில் வைப்பதற்குரிய நாலங்குலச் சதுரங்கள் அவை.

"நெசவாளர் வீட்டில் துண்டுத் துணிக்கா பஞ்சம், அம்மா?" என்றோம்.

"எங்கள் வீட்டில் நூல் உண்டு சாமி, துணி ஏது?" என்று சிரித்தார்.

உண்மைதான். தறியிலிருந்து அறுத்த சேலை முழுதாகவே வெளியே போய்விடுகிறது. ரவிக்கைத் துணியும் சேலையோடு சேர்த்தே நெய்யப்படுகிறது; அதில் கத்தரி வைப்பவர் தையற்காரர். ஆகவே பட்டு நெய்த தெருவுக்குப் பட்டுத் துண்டு ஆரணித் தையற்கடைகளிலிருந்து மூட்டையாகத் திரும்பி வரவேண்டியிருக்கிறது!

மேலே பட்டு, கீழே பருத்தி, நடுவே பழைய வேட்டி மூன்று மடிப்பு. வேட்டி ஈரத்தை உறிஞ்சும். செயற்கைப் பஞ்சு உறிஞ்சாது. ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துச் சாயம் விடும் பட்டை ஒதுக்கிவிடுகிறார். பட்டு வழுக்கும், விளிம்பில் பிரியும். ஆதலால் ஓரத்தை உள்மடித்து, முதலில் ஓட்டுத்தையல் இட்டுக்கொண்டு, பிறகே குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கிறார்.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. பழந்துணித் துண்டுகளை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து, 'கவந்தி' என்னும் போர்வை செய்வர் அவர்தம் பெண்கள். மூலைகளில் துணியை மடித்துப் 'பூ' வைப்பர்; கத்தோலிக்கர் சிலுவை வடிவமும் தைப்பதுண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் 1966-ஆம் ஆண்டு ஏழைக் கறுப்பினப் பெண்கள் ஒட்டுப்போர்வைக் கூட்டுறவு ஒன்று தொடங்கினர். உடன் நின்றவர் பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் எபிஸ்கோப்பல் சபைக் குரு. இதை அம்மையாரிடம் சொன்னபோது, "அவர்களுக்கு நூல் யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை.

அப்பொழுதுதான் உள்ளிருந்து குரல் வந்தது. அம்மையார் துண்டு மூட்டையைக் கட்டிலருகே கொண்டுபோனார். பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து, கரையும் உடலும் சேருமிடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "இது கோர்வை, கைத்தறி... இது விசைத்தறி... இது பட்டே இல்லை." ஒரு துண்டுக்கும் கண் திறக்கவில்லை. அவர் கழித்தவை எதுவும் மேற்புறத்துக்கு வருவதில்லையாம். நாள்தோறும் காலையில் இது நடக்குமாம். அன்று நம் வருகையால் தாமதம்.

கிறிஸ்து பிறப்பு விழா விற்பனைக்கு நூறு சதுரங்கள் வேண்டுமென்றோம். அம்மையார் தயங்கிக் கட்டிலைப் பார்த்தார்.

"அறுபது" என்றார் பெரியவர். "அதற்குமேல் நல்ல துண்டு கிடைக்காது. வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள் சாமி, வெந்நீரில் போடக்கூடாது."