கூண்டுகள் தொங்கும் ஊரிலிருந்து

மியூன்ஸ்டர், ஜெர்மனி

அன்புள்ள மாறன்,

உன் நாவலின் கைப்பிரதியை ரயிலிலேயே படித்து முடித்துவிட்டேன். நகரம் நன்றாக வந்திருக்கிறது. மதில், அகழி, கோபுரம், சந்தை எல்லாம் கண்ணில் நிற்கின்றன. ஆனால் நகரத்து ஆட்கள் எனக்கு ஒட்டவில்லை. சுடரை வணங்குபவர்கள் வடக்கு வீதி, நீரை வணங்குபவர்கள் தெற்கு வீதி, முந்நூறு வருடமாக அவரவர் இடத்திலேயே நின்றுகொண்டு அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தனாவது கட்சி மாறவேண்டாமா? இதை ஊருக்குத் திரும்பி நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். இந்த ஊரைச் சுற்றிப் பார்த்தபிறகு கை நிற்கவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

மியூன்ஸ்டர் வடமேற்கு ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா பகுதியில் இருக்கிறது. இன்றைக்கு இது மாணவர்களும் சைக்கிளும் நிறைந்த ஊர். நடைபாதையில் கவனமில்லாமல் நடந்தால் பின்னாலிருந்து மணியடித்தே விரட்டிவிடுவார்கள். பழைய நகரத்தைச் சுற்றி லிண்டன் மரங்கள் அணிவகுத்த வட்டச்சாலை ஒன்று, ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் போகிறது. மதில் நின்ற இடம் அது. அந்த மதிலுக்குள்தான் 1534 பிப்ரவரியிலிருந்து 1535 ஜூன் வரை, பதினாறு மாதம், ஒரு கற்பனை நகரம் இருந்தது. 'புதிய எருசலேம்' என்று பெயர். எழுத்தாளன் யாரும் எழுதிய கற்பனை இல்லை, ஜனங்கள் குடியிருந்த கற்பனை.

பிரின்ஸிபல்மார்க்ட் என்ற கடைவீதியின் முனையில் புனித லாம்பர்ட் தேவாலயம். கோபுரத்தில் கடிகாரத்துக்கு மேலே மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குகின்றன. நடுவில் இருப்பது மற்ற இரண்டையும்விடச் சற்று உயரம், ராஜாவுடையது. தையற்காரன் ஒருவன் ராஜாவான கதையை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் சண்டை எதில் தொடங்கியது என்று கேள். தறியில்.

அன்றைய மியூன்ஸ்டருக்கு பிஷப்தான் ஆன்மீகத் தலைவர், அவரே ஆட்சியாளரும். மடங்களுக்கு வரி கிடையாது. மடத்துக்குள் தறி ஓடும், அந்தத் துணி சந்தைக்கு வரும். வரி கட்டி நெய்பவனால் அந்த விலைக்கு விற்கமுடியுமா? 1525இலேயே கைவினைச் சங்கத்தார் மடத்துத் தறிகளைக் குறிவைத்துக் கலகம் செய்திருக்கிறார்கள். ஆறு வருடம் கழித்து மதிலுக்கு வெளியே இருந்த புனித மாரிஷ் தேவாலயத்தில் பெர்ன்ஹார்ட் ரோட்மன் என்ற இளம் பாதிரியார் லூத்தரின் கருத்துகளைப் பிரசங்கிக்க ஆரம்பித்தார். (லூத்தரன் என்றால் நமக்குத் தரங்கம்பாடியும் சீகன்பால்குவும்தான் நினைவுக்கு வரும். அது இதற்கு நூற்றெழுபது வருடம் பிந்திய கதை.) பாதிரியாருக்கு வேதம் முக்கியம், சங்கத்தாருக்கு வரி முக்கியம். இரண்டும் ஒரே மேடையில் ஏறின. நிப்பர்டோலிங் என்ற துணி வியாபாரி ரோட்மனுக்குப் பின்னால் நின்றார். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், இரண்டாவது கூண்டு அவருக்கு.

1532இல் மட்டும் மியூன்ஸ்டர் மூன்று பிஷப்புகளைப் பார்த்தது. ஒருவர் பதவியை விட்டார், அடுத்தவர் வந்த சில வாரங்களில் இறந்தார், மூன்றாவதாக வந்தவர் ஃபிரான்ஸ் ஃபான் வால்டெக். ஊரை வழிக்குக் கொண்டுவர அவர் சாலைகளை மறித்து வியாபாரத்தை முடக்கினார். கிறிஸ்துமஸை ஒட்டி ஓர் இரவு நகரத்தார் ஆயுதத்தோடு புறப்பட்டு, பக்கத்து ஊரான டெல்க்டெயில் தங்கியிருந்த பிஷப்பின் ஆலோசகர்களையும் திருச்சபைப் பெரியவர்களையும் வளைத்துப் பிடித்து வந்துவிட்டார்கள். பிஷப் மட்டும் அன்று அங்கே இல்லை. பிணைக்கைதிகள் கையில் இருந்ததால் 1533 பிப்ரவரி 14இல் உடன்படிக்கை ஆயிற்று. பங்குத் தேவாலயங்கள் லூத்தரன்களுக்கு, பேராலயமும் மடங்களும் கத்தோலிக்கர்களுக்கு. உன் நாவலாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பாய். எனக்கும் இது நிலைத்திருக்கக்கூடிய ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது, ஆனால் பிழைப்பு நடந்தது.

நிலைக்கவில்லை. காரணம் ரோட்மன் அந்த இடத்தில் நிற்கவில்லை. கத்தோலிக்கராகத் தொடங்கி லூத்தரன் ஆனவர், அந்த வருடமே இன்னொரு அடி எடுத்துவைத்தார்: குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்தபின் தானாகக் கேட்டுப் பெறுவதுதான் செல்லும். இப்படிச் சொன்னவர்களுக்கு மறுஞானஸ்நானக்காரர்கள் என்று பெயர். அன்றைய பேரரசில் அது மரண தண்டனைக் குற்றம். ரோட்மனைக் கொண்டுவந்த லூத்தரன் நகரசபையே இப்போது அவர் வாயை அடைக்கப் பார்த்தது, முடியவில்லை. நெதர்லாந்தில் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்த மறுஞானஸ்நானக்காரர்களுக்கு இந்த ஊர் செய்தி எட்டியது. உலகம் முடியப்போகிறது, தப்புவதற்கு ஒரே நகரம் மியூன்ஸ்டர் என்று அறிவித்தார் யான் மத்தைஸ். ஹார்லெம் நகரத்து ரொட்டிக்காரர் அவர். 1534 ஜனவரியில் அவருடைய தூதர்கள் வந்து ரோட்மனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெற்றுக்கொண்டார்கள். அதே மாதம் லைடன் ஊரிலிருந்து இருபத்தைந்து வயதை எட்டாத ஒரு தையற்காரன் வந்து சேர்ந்தான். யான் ஃபான் லைடன்.

ஒரே இரவில் வாளெடுத்து நகரத்தைப் பிடிப்பதாக நீ பதினொன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறாய். இங்கே பிப்ரவரி 23ஆம் தேதி வழக்கமான நகரசபைத் தேர்தல் நடந்தது. மறுஞானஸ்நானக்காரர்கள் ஜெயித்தார்கள், நிப்பர்டோலிங் மேயர்களில் ஒருவரானார். சட்டப்படியே முடிந்துவிட்டது! நாலு நாள் கழித்துத்தான் வாள் வெளியே வந்தது. ஞானஸ்நானம் பெறு, இல்லையேல் வெளியேறு. கடுங்குளிரில் கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் வாசல் வழியாகத் துரத்தப்பட்டார்கள். மறுநாள் முதல் பிஷப்பின் படை முற்றுகையைத் தொடங்கியது. அந்தப் படைக்குப் பீரங்கியும் பணமும் அனுப்பியவர்களில் ஹெஸ்ஸே நாட்டு லூத்தரன் இளவரசர் பிலிப்பும் உண்டு. பத்து வருடமாக ஒருவரையொருவர் அந்திக்கிறிஸ்து என்று ஏசிக்கொண்டிருந்தவர்கள் ஒரே அகழியின் கரையில் கூடாரம் அடித்தார்கள்.

பேராலயத்துக்குப் போனேன். மற்ற பயணிகள் எதற்குப் போவார்களோ தெரியாது, நான் போனது கடிகாரத்தைப் பார்க்க. 1408இல் செய்த வானியல் கடிகாரம் ஒன்று அங்கே இருந்தது. 1534 பிப்ரவரியில் படங்களையும் சிலைகளையும் உடைத்தவர்கள் அதையும் உடைத்தார்கள். உலகம் ஈஸ்டரன்று முடிகிறது என்று நம்புகிறவனுக்குக் கடிகாரம் எதற்கு? ஈஸ்டர் ஏப்ரல் 5இல் வந்தது. உலகம் முடியவில்லை. மத்தைஸ் ஒரு சிறு கூட்டத்தை மட்டும் அழைத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே முற்றுகைப் படையை எதிர்த்துப் போனார். அவர் தலையைக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். ஊர் மறுபடி பிஷப் கைக்கு வந்தபின், 1540ஐ ஒட்டிய வருடங்களில் புதுக் கடிகாரம் செய்தார்கள். முள் நம் கடிகாரங்களுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. கீழே உள்ள நாட்காட்டி வட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஈஸ்டர் எப்போது என்ற கணக்கு இருக்கிறது. 1540இல் தொடங்கி 2071 வரை, 532 வருடம். ஈஸ்டர் தேதிகளின் பழைய சுழற்சி அத்தனை வருடத்தில்தான் முதலுக்குத் திரும்பும். இறையியல் தர்க்கத்துக்கு இரும்பிலும் பித்தளையிலும் இப்படி ஒரு பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை.

மத்தைஸ் செத்தபின் தையற்காரன் முன்னால் வந்தான். பணம் ஒழிக்கப்பட்டிருந்தது, சொத்து பொது, வேதாகமம் தவிர மற்றப் புத்தகங்கள் நெருப்புக்குப் போயிருந்தன. பழைய நகரசபையைக் கலைத்துப் பன்னிரண்டு மூப்பர்களை வைத்தான். ஜூலையில் பலதார மணம் வந்தது. ஊரில் ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்கள். வெளியேறிய கணவர்கள் பலர் வீட்டைக் காக்க மனைவியை விட்டுப் போயிருந்தார்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்து உள்ளே ஒரு கலகம் வெடித்து, தையற்காரனையே பிடித்து அடைத்தார்கள். அவன் ஆட்கள் திருப்பி அடித்ததில் ஐம்பது பேர் அளவுக்குக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டு கடைசியில் பிஷப்பின் பெருந்தாக்குதலை ஊர் முறியடித்தது. அந்த வெற்றியின் போதையில் செப்டம்பரில் யான் ராஜாவானான். பொன் மாலை, செங்கோல், சந்தையில் சிம்மாசனம், பதினாறு மனைவிகள். பட்டத்து ராணி டிவாரா, மத்தைஸின் விதவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையை நமக்குச் சொன்னவர்கள் யார்? கெர்ஸன்ப்ரோக் என்ற பள்ளி ஆசிரியர், சிறுவயதில் ஊரைவிட்டு வெளியேறியவர், கத்தோலிக்கர். பல வருடம் கழித்து லத்தீனில் விரிவாக எழுதினார். தங்கள் குடும்பங்களின் மானம் போகிறதே என்று நகரசபை அதை அச்சேறவிடவில்லை. இன்னொருவர் ஹைன்ரிஷ் க்ரெஸ்பெக், தச்சர். முற்றுகைக்குள் வாழ்ந்து, பசி தாங்காமல் 1535இல் தப்பி, பிஷப் ஆட்களிடம் மாட்டி, உயிர் பிழைக்க மண்ணில் நகரத்தின் மாதிரி செய்து எந்த இடத்தில் ஏறலாம் என்று காட்டியவர். ஜூன் 24 இரவு ஊர் விழுந்தது அவர் காட்டிய வழியில். காட்டிக்கொடுத்தவன் தான் காட்டிக்கொடுத்த ஊரை எவ்வளவு நல்லதாக எழுதுவான்? ஆனாலும் நான் அவரைத்தான் அதிகம் நம்புகிறேன். சோறு எப்போது குறைந்தது, குதிரையை எப்போது அறுத்தார்கள், எலியை எப்போது தின்றார்கள் என்று வயிற்றின் கணக்கில் எழுதுகிறார். கெர்ஸன்ப்ரோக் தீர்ப்புச் சொல்கிறார். உன் நாவலில் கதைசொல்லி ஒரு குரு. அவரை மாற்றி ஒரு தச்சனை வை.

ஊர் விழுந்தபின் படை வீதிவீதியாக வெட்டியது. ராணியின் தலை போயிற்று. ராஜாவையும் நிப்பர்டோலிங்கையும் கிரெஹ்டிங் என்ற இன்னொருவரையும் மாதக்கணக்கில் விசாரித்து, 1536 ஜனவரி 22இல் பிரின்ஸிபல்மார்க்டில் மேடை கட்டி, பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் சதையைப் பிடுங்கிக் கொன்றார்கள். பிறகுதான் உடல்கள் கூண்டில் ஏறின. எல்லாவற்றையும் தொடங்கிவைத்த ரோட்மன்? உயிரோடும் கிடைக்கவில்லை, பிணமாகவும் கிடைக்கவில்லை. நாவலாசிரியனுக்கு வரலாறு இதைவிடப் பெரிய வாசலைத் திறந்துவைக்காது.

ஜெயித்த பிஷப் வால்டெக்கைக் கவனி. பதினாறு மாத முற்றுகையில் கஜானாவைக் காலி செய்து கத்தோலிக்க மியூன்ஸ்டரை மீட்டவர், 1543இல் தன் இன்னொரு மறைமாவட்டமான ஓஸ்னாப்ரூக்கில் லூத்தரன் சீர்திருத்தத்தை அவரே கொண்டுவந்தார்! திருமணமாகாமலே குடும்பமும் பிள்ளைகளும் இருந்த மனிதர். பாதிரியார் மணம் செய்துகொள்ளலாம் என்ற மதம் அவருக்கு வசதியாகவும் இருந்திருக்கும். உன் தலைமைப் பூசாரி கடைசிப் பக்கம்வரை ஒரே கொள்கையில் நிற்பது எனக்கு ஏன் உறுத்துகிறது என்று இப்போது புரிகிறதா?

கூண்டுகள் இன்னும் அங்கேயே இருப்பது தற்செயல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் பழைய கோபுரத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது மறுபடி மாட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சேதமானபின் செப்பனிட்டு மறுபடி மாட்டினார்கள். 1987இல் லோதர் பௌம்கார்டன் என்ற கலைஞர் மூன்றுக்குள்ளும் ஒவ்வொரு மின்விளக்கு வைத்தார். இருட்டினால் மங்கலாக எரிகின்றன. இதே தேவாலயத்தில் 1941 ஆகஸ்டு 3இல் பிஷப் ஃபான் காலன், மனநோயாளிகளை நாஜி அரசு கொல்வதைப் பகிரங்கமாகக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். முன்பொரு பிஷப் கொன்ற மூவரின் கூண்டுகள் தொங்கும் கோபுரத்தின் அடியில்.

அந்தக் கோபுரத்தில் இன்றும் காவலாள் உண்டு. செவ்வாய் தவிர மற்ற நாட்களில் இரவு ஒன்பதிலிருந்து நள்ளிரவு வரை அரைமணிக்கொருதரம் கொம்பு ஊதுவார்கள். 2014இல் முதல்முறையாக ஒரு பெண்ணை அந்த வேலைக்கு எடுத்தார்கள். நகரமன்றத்து 'அமைதிக் கூட'த்தையும் பார்த்தேன். முப்பதாண்டுப் போரை முடிக்க 1648க்கு முன்னால் வருடக்கணக்கில் பேச்சு நடந்தது. கத்தோலிக்கத் தூதர்கள் இந்த ஊரில், புராட்டஸ்டன்ட் சுவீடனோடு பேசவேண்டியவர்கள் ஓஸ்னாப்ரூக்கில். ஒரே மேஜையில் உட்காரமாட்டார்கள் என்பதால் ஒரே அமைதிக்கு இரண்டு ஊர். குதிரைத் தபால் நடுவில் ஓடியது.

நாளைக்கு ஓஸ்னாப்ரூக் போகிறேன். அங்கே யார் பிஷப் என்ற வழக்கை 1648இல் தீர்த்த விதத்தை நீ அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஒரு முறை கத்தோலிக்கர், அடுத்த முறை பிரன்ஸ்விக் வம்சத்து லூத்தரன் இளவரசர், மாறி மாறி. லூத்தரன் முறை வந்த 1764இல் அந்த வம்சத்தின் தலைவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ். வாய்ப்பை விடக்கூடாது என்று தன் மகன் ஃபிரடெரிக்கையே பிஷப் ஆக்கினார். மகனுக்கு அப்போது ஆறு மாதம். அரண்மனைக்குள் விடுவார்கள் என்றால் குழந்தை பிஷப்பின் தடயம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப்பார்த்து எழுதுகிறேன். பதினொன்றாம் அத்தியாயத்தை அதற்குள் திருத்திவிடாதே, நான் வந்தபிறகு சேர்ந்து உட்காருவோம்.

அன்புடன்,
உன் நண்பன்