பூஜ்ஜியத்துக்குக் கீழே வட்டி

கடன் வாங்கினவன் வட்டி கட்டுவான். கடன் கொடுத்தவனே வட்டியும் கட்டினா? சிரிக்காதீங்க மக்கா, நிஜமாவே நடந்தது. 2014 ஜூன்ல ஐரோப்பிய மத்திய வங்கி, தன்கிட்ட பணம் போட்டு வைக்கிற வங்கிகளுக்கு மைனஸ் 0.10 சதவீதம்னு அறிவிச்சது. 2015 ஜனவரியில் சுவிஸ் மத்திய வங்கி மைனஸ் 0.75க்குப் போச்சு.

அப்போ நான் வட்டி ஆப்ஷன்களுக்கு விலை போடுற மென்பொருளில் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். ஒரு நாள் காலையில் விலை இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'எண் அல்ல'ன்னு வந்து நிக்குது. பக்கத்து சீட் நண்பர், "என்னங்க, கம்ப்யூட்டருக்கே கணக்கு மறந்துபோச்சா?"ன்னார்.

மறக்கலை. ஃபிஷர் பிளாக்கின் 1976 சூத்திரத்தில் வட்டிக்கு லாகரிதம் எடுக்கணும். மைனஸுக்கு ஏது லாகரிதம்? பூஜ்ஜியத்துக்கு மேல இருந்தாலும் தொல்லைதான். வட்டி வருஷத்துக்கு 0.6 சதவீதப் புள்ளி ஆடுதுன்னு வைங்க. 3 சதவீத வட்டியில் அது 20 சதவீத ஏற்ற இறக்கம். அதே ஆட்டம் 0.1 சதவீத வட்டியில் 600 சதவீதம்!

இதில் வேடிக்கை என்னன்னா, 1977ல வாசிசெக் மாடல் வந்தப்போ, வட்டி மைனஸுக்குப் போக அது இடம் கொடுக்குதுங்கிறதைத்தான் குறையா சொன்னாங்க. 1985ல வந்த காக்ஸ்-இங்கர்சால்-ராஸ் மாடல் அந்த ஓட்டையை அடைச்சது. முப்பது வருஷம் கழிச்சு, குறைன்னு சொன்னதே தேவையாப் போச்சு. 1900ல பாரிஸில் பஷெலியே எழுதின ஆய்வேட்டின் சாதாரணப் பரவல் திரும்ப வந்தது. அது பிடிக்காதவங்க வட்டியோட ஒரு 3 சதவீதத்தைக் கூட்டி, பிளஸ் ஆக்கி, பழைய சூத்திரத்திலேயே போட்டாங்க. நம்மூர் ஜுகாடு மாதிரிதான் :-)

இதெல்லாம் வெறும் கணக்கு வாத்தியார் சண்டை இல்லை. 'ஃப்ளோர்'னு ஒண்ணு இருக்கு. வட்டி ஒரு அளவுக்குக் கீழ போனா, அந்த வித்தியாசத்தைத் தர்ற ஒப்பந்தம். பழைய மாடலில் பூஜ்ஜிய ஃப்ளோரின் விலை என்ன தெரியுமா? பூஜ்ஜியமேதான். நடக்கவே நடக்காததுக்கு எதுக்குக் காசு? அதனால கடன் பத்திரத்தில் அந்த ஒரு வரி இருந்தாலும் இல்லாட்டியும் கணக்கில் வித்தியாசமே தெரியாது. வட்டி மைனஸ் ஆனதும் அந்த ஒரு வரிதான் எல்லாம். வரி இருந்தா கடன் வாங்கினவனுக்கு பூஜ்ஜியத்தோட சரி. இல்லைன்னா, வங்கி அவனுக்குப் பணம் தரணுமாங்கிற வழக்கு.

2020 ஏப்ரல் 20ல அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிஞ்சப்போ அங்கேயும் பஷெலியேவைத்தான் கூப்பிட்டாங்க.

ஐரோப்பிய மத்திய வங்கியின் மைனஸ் வட்டி 2022 ஜூலையில் முடிஞ்சது, ஜப்பானில் 2024 மார்ச்சில். ஆனா எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. யாராவது புது மாடல் கொண்டுவந்தா, அது எவ்வளவு துல்லியம்னு அப்புறம்தான் கேட்பேன். முதல்ல, 'நடக்கவே நடக்காது'ன்னு அது எதைச் சொல்லுதுன்னு பார்ப்பேன். நீங்க பார்த்த வேலையில் அப்படி ஏதாவது நடந்திருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க.