வேக வண்டியும் வீட்டுக் கணக்கும்

யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசலாகாது என்பது முதுமொழி. மோட்டார் வண்டி விஷயத்தில் இம்மொழியின் உண்மை நன்கு விளங்கும். வண்டியின் விலையை யாவரும் கேட்டறிகின்றனர். அதற்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய காப்புறுதிப் பணம் எவ்வளவு, விற்க நேரும் நாளில் கைக்கு என்ன மிஞ்சும் என்னும் இரண்டு கேள்விகளை மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. இவ்விரு கேள்விகளும் அண்மையில் எமது குடும்பத்துக்குள்ளேயே எழுந்தன. ஆராய்ந்து நாம் அறிந்தவை பிற குடும்பங்களுக்கும், நாளை உழைத்துப் பொருளீட்டப் போகும் மாணவர்களுக்கும் பயன்படலாம் என்றெண்ணி இதனை எழுதுகின்றோம்.

அப்புத்தளை, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் மலை முகட்டின்மேல் அமர்ந்திருக்கும் சிற்றூர். பெரகலைச் சந்தியிலிருந்து ஏறிவரும் பாதையிலும், தம்பத்தனை போன்ற தோட்டங்களுக்குச் செல்லும் வழிகளிலும் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பவரும் தெரியார். இத்தகைய ஊரில் வண்டி என்பது முதலில் ஒரு தேவை. அதன் பின்னரே அலங்காரம்.

எமது தமக்கையின் கணவர் தோட்டத்துக் கந்தோரில் முப்பத்தைந்து ஆண்டுகள் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவர். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான ஊழியர் சேமலாப நிதியிலிருந்து ஐம்பத்தைந்தாம் வயதில் கைக்கு வந்த பணத்தில் ஒரு சிறு ஆல்டோ கார் வாங்கினார். எஞ்சியதை வங்கியில் நிலையான வைப்பாக இட்டார். அக்குலத்தில் சொந்த வண்டியின் கதவைத் திறந்த முதல் மனிதர் அவரே. அத்தான் இப்பொழுது இல்லை. அவர் விட்டுச் சென்ற காரிலேயே தமக்கையார் மாதந்தோறும் தியத்தலாவை வைத்தியசாலைக்குப் போய் வருகின்றார். வைப்புப் பணத்தின் வட்டியே அவருடைய மருந்துச் செலவுக்கு ஆதாரம்.

இவர்களுடைய ஒரே மகன் கொழும்பில் நல்ல உத்தியோகத்தில் இருக்கின்றான். ஆல்டோவை விற்று, தன் சேமிப்பையும் தாயின் வைப்பையும் சேர்த்து, ஹொண்டா சி.ஆர்.இஸட். என்னும் வேக வண்டியொன்றை வாங்க வேண்டுமென்பது அவன் விருப்பம். பெற்றோலும் மின்கலமும் சேர்ந்து இயக்கும் அவ்வண்டி 2010 இல் வெளிவந்தது. அத்தகைய வண்டிகளுக்கு அந்நாளில் கிடைத்த வரிச் சலுகையால் இலங்கைத் தெருக்களிலும் அது இடம்பிடித்தது. தாழ்ந்த உடலும் சரிந்த கூரையுமாக, பார்ப்பதற்கு அழகிய வண்டிதான் என்பதில் எமக்கு ஐயமில்லை.

"மாமா, இந்த நாட்டிலே காரின் விலை இறங்குவதே இல்லை. மூன்று வருஷம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்கே விற்கலாம். ஓட்டியதெல்லாம் இலாபந்தானே?" என்றான்.

அவன் கூற்று முற்றிலும் ஆதாரமற்றதன்று. பிற நாடுகளில் புதுக்கார் முதல் ஆண்டிலேயே தன் விலையில் ஐந்திலொரு பங்களவு இழப்பது சாதாரணம். இத்தீவின் வழக்கம் வேறு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, பழைய மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பொன்போலப் போற்றப்பட்டன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் நிலை மாறியது. மீண்டும் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாய் வீழ்ந்தது. பழைய கார்கள் வாங்கிய விலைக்கு மேலாகவும் விலைபோயின. 2025 பெப்ரவரி முதலாந் தேதி தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடியும் திறந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கண்டது ஒன்றுண்டு. இங்கே காரின் மறுவிற்பனை விலையைத் தீர்மானிப்பது அதன் வயது மட்டுமன்று. வர்த்தமானி அறிவித்தலும் அதனைத் தீர்மானிக்கின்றது. கதவு மூடினால் விலை ஏறும், திறந்தால் இறங்கும், வரி மாறினால் அதுவும் மாறும். மூடுமுன் வாங்கியவர் ஆதாயம் கண்டார். உச்சவிலையில் வாங்கியவர் அதே விலையை எதிர்பார்த்தல் இயலாது. எந்த அறிவித்தல் எந்நாளில் வரும் என்பதை அறிந்தவர் எவருமிலர். தன் சொந்தப் பணத்தில் ஒருவர் அத்துணிவை மேற்கொள்ளலாம். தாயின் மருந்துப் பணத்தில் மேற்கொள்ளலாமா என்பதே எமது கேள்வி.

மேலும், வேக வண்டிக்கு வாங்குவோர் சிலரே. சிறு கார் ஒன்றை விற்கவேண்டுமெனப் பண்டாரவளைக் கராஜ் ஒன்றில் சொல்லிவைத்தால், தேடிக்கொண்டு ஆள் வந்துவிடும். தாழ்ந்த வேக வண்டியை மலைநாட்டில் எவர் கேட்பர்? கொழும்புக்குக் கொண்டுபோய்க் காத்திருக்க வேண்டும். வருகின்றவரும் முதலில் மின்கலத்தின் நிலையைத்தான் விசாரிப்பார். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என அடுத்துக் கேட்பார். அவ்விரு கேள்விக்கும் தக்கபடி விலை குறையும்.

இனிக் காப்புறுதியைப் பார்ப்போம். 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. அஃதின்றி வருடாந்த அனுமதிப்பத்திரம் பெற இயலாது. எம்மால் பிறருக்கு நேரும் தீங்குக்கே அது ஈடு செய்யும். எம் வண்டி பள்ளத்தில் உருண்டால் ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதியே நம் வண்டியைக் காப்பது. அதன் கட்டுப்பணம் வண்டியின் பெறுமதி, வகை, ஓட்டுநரின் அனுபவம் முதலியவற்றைப் பொறுத்து உயரும்.

மாணவர்களும் அறிந்திருக்கவேண்டிய நுட்பமொன்று இதிலுண்டு. கட்டுப்பணத்தைக் குறைக்கும் பொருட்டுச் சிலர் வண்டியின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வர். 75 இலட்சம் ரூபா பெறும் வண்டியை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தோம் என்று கொள்வோம். விபத்தில் 6 இலட்சம் ரூபா சேதமேற்பட்டால், பல ஒப்பந்தங்களின்படி மூன்றில் இரு பங்காகிய 4 இலட்சமே கிடைக்கும். எஞ்சிய 2 இலட்சம் நம் தலைமேல் விழும். மாறாக, பெறுமதியைக் கூட்டிச் சொன்னாலும் பயனில்லை. வண்டி முற்றாக அழிந்தால், அந்நாளைய சந்தை விலைக்கு மேல் எவரும் கொடார்.

எவற்றுக்கு ஈடு இல்லை என்பதையும் படித்தறிதல் வேண்டும். சாதாரணக் காப்புறுதியில் ஓட்டப் பந்தயம் விலக்கப்பட்டிருக்கும். எஞ்சினிலோ சக்கரத்திலோ மாற்றஞ் செய்து அதனைத் தெரிவியாதிருந்தால் கோரிக்கை மறுக்கப்படலாம். மண்சரிவு போன்ற இயற்கை அனர்த்தங்களுக்குத் தனியே பணங்கட்ட வேண்டியதும் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் துயரைக் கண்ட நம் மக்களுக்கு, அவ்வரியின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மருமகனுக்கு இவ்வாசை முளைத்ததே தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் ஓட்டப் பந்தயத்தைக் கண்ட நாளில்தான். அதே திடலில் 2024 ஏப்ரல் 21 ஆம் தேதி கார் பாதை விலகி ஏழு உயிர்கள் போயின. நம் நாட்டில் ஊருக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50. வேக வண்டி தன் வேகத்தைக் காட்டுவதற்குப் பெரகலைப் பாதையில் இடமேது?

ஒரு மாலை இருவருமாகக் காகிதமும் பேனையும் எடுத்து அமர்ந்தோம். கணக்குக்காகச் சிறு காரின் விலை 30 இலட்சம், வேக வண்டியின் விலை 65 இலட்சம் என வைத்தோம். காப்புறுதி முன்னதற்கு நூற்றுக்கு 2, பின்னதற்கு 3 எனக் கொண்டோம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பாதி கழிவு உண்டு. அது பெரும்பாலும் ஆளைத் தொடர்வதால், வண்டி மாறினும் கேட்டுப் பெறலாம். ஆனால் கழிவு தாயின் பெயரில் இருந்தால், மகனுக்குக் கிடைக்குமா என்பதை முன்னரே எழுத்தில் கேட்டறிய வேண்டும். அதுவும் கிடைக்கும் என்றே கொண்டோம். ஆண்டுக்கு 30,000 ரூபாவும் 97,500 ரூபாவும் வந்தன. மூன்று ஆண்டில் வேறுபாடு 2,02,500 ரூபா. விலைத்தேய்வு ஆண்டுக்கு 2 இலட்சம், 5 இலட்சம் எனக் கொள்ள, மூன்று ஆண்டில் வேறுபாடு 9 இலட்சம். மேலதிகமாக முடங்கும் 35 இலட்சத்துக்கு நூற்றுக்கு 8 வட்டி வீதம் இழப்பது 8,40,000 ரூபா. ஆகமொத்தம் 19,42,500 ரூபா. முப்பத்தாறு மாதங்களால் பிரித்தால், மாதம் ஏறத்தாழ 54,000 ரூபா. பெற்றோலும் டயரும் இதில் சேரவில்லை. ஒரு முறை இழப்பீடு கோரினாலோ கழிவு குறைந்து கட்டுப்பணம் ஏறிவிடும்.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "தாத்தா துண்டு கணக்குப் பார்த்தார். அப்பா கடைக் கணக்குப் பார்த்தார். எத்தனை தலைமுறைக்கு மாமா நாங்கள் கணக்கே பார்த்துக்கொண்டிருப்பது?" என்றான்.

இதற்கு எம்மால் உடனே விடை கூற இயலவில்லை. மலையகத்தில் ஒரு பிள்ளை அழகிய பொருளை விரும்புவது குற்றமாகாது. மகிழ்ச்சிக்கும் விலையுண்டு, விரும்பியவர் கொடுத்து வாங்கலாம். அந்த 54,000 ரூபா அம்மகிழ்ச்சியின் மாத வாடகை. அதனை யார் கொடுக்கின்றார் என்பதொன்றே எஞ்சி நின்றது. தமக்கையாரைக் கேட்டால், "பிள்ளை ஆசைப்படுகிறான், கொடுத்துவிடுவோமே" என்கின்றார். அன்பினால் பிறக்கும் சம்மதத்தைக் கையொப்பமாகக் கொள்ள எம் மனம் துணியவில்லை.

அடுத்த ஞாயிறு நண்பனொருவனின் சி.ஆர்.இஸட். வண்டியை அவன் ஊருக்குக் கொண்டுவந்தான். தோட்டத்துப் பாதையில் இருமுறை அதன் அடிப்பாகம் கல்லில் உரசிற்று. முழங்கால் நோவுள்ள தாயை ஏற்றிச் சந்திவரை போய்வந்தான். இறங்கும்போது இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "நல்ல வண்டிதான் தம்பி, கிணற்றுக்குள் உட்கார்ந்தாற்போல் இருக்கிறது" என்றார்.

அன்றிரவு அவனே முடிவைக் கூறினான். வைப்பில் கைவைப்பதில்லை, ஆல்டோ தாயின் பெயரிலேயே இருக்கும். ஓராண்டு, மாதம் 54,000 ரூபாவைத் தனிக்கணக்கில் இட்டுப் பார்ப்பான். இடர்ப்படாமல் இட முடிந்தால், வேக வண்டியின் செலவைத் தாங்கும் வலு தனக்குண்டென்று கொள்வான். நான்கு மாதங்கள் கழிந்துள்ளன. மூன்றில் முழுத்தொகையும் இட்டான். ஒன்றில் பாதியே இயன்றது. ஆசை இன்னும் தீரவில்லை என்று தொலைபேசியில் சொல்கின்றான். அவன் சொந்த உழைப்பில் வாங்கிவரும் நாளில் முதற் பயணம் போக நாமும் ஆயத்தமாயிருக்கின்றோம்.

வண்டி மாற்ற எண்ணும் அன்பர்கள் முற்பணம் கொடுக்குமுன், காப்புறுதிக் கட்டுப்பணத்தை இரண்டு மூன்று இடங்களில் எழுத்தில் பெறுக. அதே வகை வண்டியை விற்க முயன்ற ஒருவரைத் தேடிக் கண்டு, எத்தனை நாள் காத்திருந்தார் என விசாரிக்க. வீட்டில் மூத்தவர் ஒருவரை அதில் ஒருமுறை ஏற்றி இறக்கியும் பார்க்க.