ஓல்டு ஜெயில் ரோடு

பேசின் பிரிட்ஜைத் தாண்டி ராயபுரம் பக்கம் போனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. விலாசம் என்ன தெரியுமா? ஓல்டு ஜெயில் ரோடு! அந்த ஜெயில் போய் ரொம்ப நாளாச்சு. கைதிகள் மட்டும் இன்னும் வருகிறார்கள், புழலிலிருந்து, வைத்தியத்துக்கு.

அந்த போலீஸ் வேனைப் பார்த்தாலே, பி.காம். படித்த புத்தி, கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மாத்திரை, ஊசி இலவசம். ஆனால் வேன், டீசல், கூடவே காவலர்கள், படுக்கையில் சேர்த்தால் ராப்பகல் காவல்... சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! வழிக்காவலுக்கு ஆள் கிடைக்காத நாளில், வலி காத்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் கவுன்டி ஜெயிலுக்குள் போனால், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு பெரும்பாலும் செலவை ஏற்காது. பில் கவுன்டியின் தலையில். வரி கட்டுகிறவர்கள் புலம்புகிறார்கள். இங்கே பில் வருவதில்லை, தாமதம்தான் வருகிறது. அதைக் கட்டுவது கைதியின் உடம்பு.

'உள்ளே இருக்கிறவனுக்கு என் வரிப்பணமா?' என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 76 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபணமே ஆகவில்லை. உயிர் காக்கும் வைத்தியத்துக்குக் காசில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாதென 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

வெளியே இருந்திருந்தால் அவர்களே நடந்துபோய் ஓ.பி. சீட்டு வாங்கியிருப்பார்கள். பூட்டியது நாம். அப்புறம் வேன் செலவு மட்டும் யாருடையதாம்?