நோயாளி சொல் அம்பலம் ஏறுமா?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. ஏழ்மையோடு மனநோயாளி என்ற பெயரும் சேர்ந்துவிட்டால், அந்தச் சொல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டாது. பேராக்கில் வாழும் நமக்கு இது புதிதல்ல. 1911இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் எத்தனையோ பேர் சுகமடைந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். இன்று அதன் பெயரே 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி. ஆனால் நம் லயங்களில் அந்த ஊரின் பெயர் இன்னும் வசைச்சொல்லாகத்தான் இருக்கிறது.

தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் என்னிடம், மாணவன் ஒருவனின் தாயார் ஒருநாள் வந்தார். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர். கை நடுக்கத்தில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் சொன்னால், "உனக்கு மறுபடியும் கிளம்பிடுச்சா?" என்கிறார்களாம்.

"டாக்டர் பக்கம் தப்பு இருந்தா நாங்க கேக்க முடியுமா சார்? எங்க பேச்சைக் கோர்ட்டு கேக்குமா?" என்றார்.

கேட்கும். கேட்டும் இருக்கிறது.

1954இல் இங்கிலாந்தில் போலம் என்பவர் மனச்சோர்வுக்காக ஃபிரியன் மருத்துவமனையில் சேர்ந்தார். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்காமலே அவருக்கு மின்சார சிகிச்சை செய்தார்கள். உடல் வெட்டி இழுத்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபத்தை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்று அவர் மருத்துவமனை நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1957இல் தோற்றுப்போனார். தகுதியுள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சரியென்று ஏற்கும் முறைப்படி நடந்திருந்தால் அது கவனக்குறைவு அல்ல என்பதே அன்றைய நெறி. அந்த நெறி நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் டொனால்ட்சன் என்பவரை ஏறக்குறைய 15 ஆண்டுகள் மனநோய் மருத்துவமனையில் அடைத்து வைத்திருந்தார்கள். அவர் மருத்துவ அதிகாரிமீது வழக்குப் போட்டார். யாருக்கும் ஆபத்தில்லாத, தானாகவோ உற்றார் துணையோடோ வாழக்கூடிய ஒருவரை வெறுமனே அடைத்து வைக்கக்கூடாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1975இல் கூறியது.

நம் நாட்டிலும் காற்று திரும்பியது. கழுத்து அறுவைக்குப் பின் கைகால் செயலிழந்த ஒரு மாதின் வழக்கில், 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் ஆபத்தை நோயாளிக்குச் சொல்வதில், போதுமான அளவு சொன்னாரா என்பதை மற்ற மருத்துவர்கள் முடிவு செய்ய முடியாது. நீதிமன்றமே முடிவு செய்யும் என்றது. அந்த மாது மனநோயாளி அல்லர். ஆனால் அந்தக் கடமை மனநல மருத்துவருக்கும் உண்டு. 2010இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டமும், நோயாளி முடிவெடுக்கும் நிலையில் இருந்தால் மின்சார சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே வேண்டும் என்கிறது.

இதற்காக எடுத்ததற்கெல்லாம் வழக்கறிஞரைத் தேடி ஓடச் சொல்லவில்லை. வழக்கு நீளும், பணம் கரையும். நியாயமான குறை இருந்தால் காலத்தையும் கவனிக்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைமீது வழக்கென்றால் பொதுவாக 36 மாதமே கெடு.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது ஒன்றுதான். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுக்கம் வரும் நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த தவணைக்குக் கணவரோடு போங்கள். மகனே எழுதிக் கொடுத்தான். கொப்பியைப் பார்த்த மருத்துவர், அது மருந்தின் பக்க விளைவு என்று விளக்கி, அளவைக் குறைத்தார். "அவ சொன்னது நிஜந்தான் சார்" என்றார் கணவர். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சொல் அம்பலம் ஏறியது.

உங்கள் வீட்டிலும் மருந்து சாப்பிடும் ஒருவர் இருக்கலாம். "என்ன மருந்து, எதற்கு, என்ன கெடுதல் வரும்?" என்று மருத்துவரைக் கேளுங்கள். அதற்கு முன்னால், அவர் சொல்வதை நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். நீதிமன்றமே காது கொடுக்கும்போது, நாம் கொடுக்கக்கூடாதா?