குறையும் மதிப்பெண்

தமிழ் விடைத்தாள்களைத் திருத்திப் பழகிய கை நம்முடையது. ஒரு பக்கம் எழுதியவனுக்கு அரை மதிப்பெண்ணாவது இடாமல் தாளைப் புரட்ட அது கூசும். ஈட்டியதிலிருந்து பிடுங்குவது நம் துறை அறியாத வழக்கம். இருந்தும் மாலைநேரப் போட்டித்தேர்வு வகுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. (கணிதப் பேராசிரியர் நீண்ட விடுப்பில் போனார் என்பதன்றி வேறு தகுதி நமக்கில்லை.)

முதல் நாளே மாணவர் ஒருவர் புதிரொன்றை நீட்டினார். 50 வினாக்கள், சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறானதற்கு 1 குறையும், எழுதாமல் விட்டதற்கு ஒன்றுமில்லை. எவராலும் பெறவே முடியாத மதிப்பெண்கள் எவை? எல்லாம் சரியென்றால் 150. ஒன்றை விட்டால் 147, ஒன்று தவறினால் 146. இரண்டு போனால் 144, 143, 142. ஆக 149, 148, 145 மூன்றும் யாருக்கும் கிட்டா. அதற்குக் கீழே இடைவெளியே இல்லை.

2024 நீட் தேர்வு அப்போதுதான் நமக்கு விளங்கியது. அங்கே சரிக்கு 4, தவறுக்கு 1 குறைவு, முழு மதிப்பெண் 720. அதற்கடுத்தது 716, பிறகு 715. ஆனால் அவ்வாண்டு ஜூனில் வந்த முடிவுகளில் 719, 718 என்ற எண்கள் இருந்தன. வெண்பாவில் தளை தட்டினால் செவி சொல்லிவிடுவதுபோல், கூட்டத் தெரிந்தவர்களெல்லாம் அதைக் கண்டுகொண்டார்கள். நேர இழப்புக்கு ஈடாக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் சேர்க்கப்பட்டது என்று விளக்கம் வந்தது. பின்னர் அது நீக்கப்பட்டு, விரும்பியோருக்கு மறுதேர்வும் நடந்தது.

பெற முடியாத எண் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. பெறக்கூடிய எண்தான் மறைக்கிறது. நம் வாரத்தேர்வில் இருவர் 90 பெற்றனர். ஒருவன் ஐம்பதுக்கும் விடை குறித்து, 35 சரி, 15 தவறு. மற்றவள் முப்பதே குறித்தாள், முப்பதும் சரி. அவனைத் துணிவுள்ளவன் என்றோம். அவளை எழுப்பி நிறுத்தி, "இருபது வினாவை வெறுமையாக விடுவது சோம்பலம்மா" என்றோம்.

"எனக்குத் தெரிந்தது முப்பதுதான் ஐயா" என்றாள்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நான்கு முறைக்கு ஒருமுறை 3 வரும், மூன்று முறை ஒவ்வொன்றாகப் போகும். சராசரியில் மிச்சம் சுழியம். நம் கண்டிப்புக்குக் கணக்கின் துணைகூட இல்லை. தெரியாததைப் பக்கம் பக்கமாக எழுதி நிரப்பியவர்களுக்கெல்லாம் இத்தனை ஆண்டுகள் நாம் இட்ட அரைகள் வரிசையாக நினைவில் வந்து நின்றன.

மறுநாள் வகுப்பின் முன் நம் பிழையைச் சொல்லி, அந்தக் கணக்கையும் கரும்பலகையில் எழுதினோம். அவள் கவனமாகப் பார்த்தாள். "நான்கில் இரண்டு நிச்சயம் தவறென்று தெரிந்தால், மற்ற இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம்தானே ஐயா? அப்போது சராசரி 1 வருகிறதே."

நாம் சுண்ணக்கட்டியை அவளிடம் நீட்டினோம்.